பதினான்கு தோட்டங்களின் பெயர்

ஜனவரி 19, 2025. ஞாயிறு

வெளிநாட்டு ஆராய்ச்சி இதழிலிருந்து பதில் வந்துவிட்டது. சிறு திருத்தங்கள் செய்தால் கட்டுரையை ஏற்றுக்கொள்கிறார்களாம். இட்லித் தட்டில் மாவு ஊற்றும்போது போனில் பார்த்தேன். இரண்டு தரம் மனசுக்குள் படித்தேன். மூன்றாம் தரம் சத்தமாக.

இவர் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "அப்ப ஜூலையில இணைப் பேராசிரியரா? இனிமே உன்னய வாங்க போங்கன்னு கூப்பிடணுமா ஹேமா?"

"உரக்கடைக்காரர் வீட்டம்மான்னு சொன்னாலே போதும்."

மூன்று வருஷ வேலை. எங்கள் தேனி மாவட்டத்தில் ஆனைமலையன்பட்டிப் பக்கம் பதினான்கு திராட்சைத் தோட்டங்கள். மழைக்காலத்தில் செவட்டை நோய் எந்தப் பந்தலில் முதலில் வருகிறது, அங்கிருந்து எப்படி நகர்கிறது என்று பார்த்தேன். இலையின் அடிப்பக்கம் உப்புத் தூவியதுபோல் வெளுக்கும். அப்புறம் இலை கருகும், பிஞ்சுக் கொத்தும் போய்விடும். நான் கண்டுபிடித்தது ரொம்ப எளிமையான விஷயம். வடக்கே ஒரு தோட்டத்தில் வந்தால் தெற்கே இருப்பவர்களுக்கு நான்கைந்து நாள் அவகாசம் இருக்கிறது. முதலில் பார்த்தவர் அன்றே சொல்லிவிட்டால் மற்றவர்கள் ஒரே தடவை மருந்தடித்துத் தப்பிக்கலாம்.

ஆனால் யாரும் சொல்வதில்லை. சொன்னால் 'செவட்டைத் தோட்டம்' என்று வியாபாரி விலையை இறக்குவார். அதனால் ரோட்டோரத்து இரண்டு வரிசையில் மட்டும் கெட்ட இலைகளை விடிவதற்குள் கிள்ளி எடுத்துவிடுவார்கள். பைக்கில் போகிற வியாபாரி கண்ணுக்குத் தோட்டம் பச்சையாகத் தெரியும். யாரிடம் நோய் இருக்கிறது என்று தெரியாத பயத்தில் மற்ற எல்லோரும் வாராவாரம் மருந்தடித்துக்கொண்டே இருப்பார்கள்.

மின்னஞ்சலின் கடைசிப் பத்தியை மதியம்தான் கவனித்தேன். எந்த வழியில் வெளியிட விருப்பம் என்று கேட்கிறார்கள். நான் எதுவும் கட்டாமல் விட்டால் படிக்கிறவர்கள் காசு கட்டிப் படிப்பார்கள். நான் கட்டினால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். அதற்குக் கேட்கும் தொகை என் மூன்று மாதச் சம்பளத்தைத் தாண்டும்.

பதில் போடாமல் வைத்திருக்கிறேன்.

ஜனவரி 26

கல்லூரியில் கொடியேற்றம் முடிந்ததும் பாண்டியம்மாள் அக்கா தோட்டத்துக்குப் போனேன். இரண்டு ஏக்கர் பந்தலைத் தனியாகப் பார்க்கிறவர். அவர் தலையாட்டிய பிறகுதான் மற்ற பதின்மூன்று பேரும் என்னை உள்ளே விட்டார்கள். எனக்காக ஆளுக்கு ஒரு வரிசையை மருந்தடிக்காமல் விட்டார்கள். அந்த வரிசைகளில் போன காய் அவர்களுடையது.

செய்தியைச் சொன்னேன். "எங்கன, காட்டு" என்றார். இன்னும் அச்சாகவில்லை, இப்படித்தான் வரும் என்று அதே இதழில் வேறொருவர் எழுதிய கட்டுரையைப் போனில் எடுத்தேன். தலைப்பு வந்தது. கீழே நாலு வரி. அதற்கும் கீழே, மேலே படிக்க இத்தனை டாலர்.

"இது என்னது?"

சொன்னேன்.

"நம்ம கொடியப் பாக்க நாமளே டிக்கெட்டு எடுக்கணுமாக்கும்?" அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சிரிக்காமல் சொன்னார்: "உனக்கு முன்னாடியும் படிச்சவுக வந்தாக டீச்சரு. இலையப் பறிச்சாக, மண்ண அள்ளுனாக. போனவுக போனவுகதான். நீதான் சொன்ன, எழுதுனதும் மொதல்ல எங்க கைக்குன்னு."

ஆமாம், சொன்னேன். அப்படிச் சொல்லித்தான் அந்த வரிசைகளை வாங்கினேன்.

ஜனவரி 27

நோயை மறைக்காதீர்கள் என்று எழுதிய கட்டுரை. அதை நானே பூட்டி வைப்பதா?

பிப்ரவரி 3

எங்கள் துறையின் சுரேஷ்கண்ணன் உதவிக்கு வந்தார். நல்ல மனசு, ஆனால் அவசரம். "எதுக்கு மேடம் இவ்வளவு யோசனை? நான் போடுற ஜர்னல்ல குடுங்க. ஒரு வாரத்துல வந்துரும். அதுவும் ஓப்பன் அக்சஸ்தான், யாரும் படிக்கலாம். ஃபீஸும் கம்மி."

ஒரு வாரத்தில் யார் படித்துப் பார்த்துத் திருத்துவார்கள்? அந்த இதழின் தளத்தைத் திறந்து ஆசிரியர் குழுவைப் பார்த்தேன். நான்காவது பெயர் முனைவர் அனுசுயா. என்னுடைய முனைவர் பட்ட வழிகாட்டி. அவர் இறந்து நான்கு வருஷம் ஆகிறது. தேனியில் மின்மயானம் வரை நான் கூடப் போனேன்.

சுரேஷ்கண்ணனிடம் காட்டினேன். "அவங்க ராஜினாமா பண்ணலையே மேடம்?"

கோபப்பட நினைத்தும் முடியவில்லை. இரண்டு பேரும் மேஜையில் தலையை வைத்துச் சிரித்தோம். அந்த வழி அதோடு முடிந்தது.

பிப்ரவரி 8

மதுரையில் நூலகராக இருக்கும் பவானியிடம் பேசினேன். என் ஜூனியர். இதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

காசு கட்டாமல் வெளிநாட்டு இதழிலேயே விட்டுவிட்டால், நான் திருத்தி முடித்த பிரதியை ஒரு வருஷம் கழித்து யாரும் படிக்கிற இணையக் களஞ்சியத்தில் போடலாமாம். "ஒரு வருஷம்தானே அக்கா?"

ஒரு வருஷத்துக்குள் இங்கே கொடியை வெட்டிவிடுகிற கவாத்து இரண்டு முடிந்துவிடும். இந்த ஐப்பசி, கார்த்திகை மழையில் செவட்டை வந்து போய்விடும். செத்த கொடிக்கு மருந்து சொன்ன கதைதான்.

கட்டணத்தில் பாதி தள்ளுபடி கேட்கலாம் என்றாள். பாதியே கனம். பிறகு மெதுவாக, "எழுதுறவங்ககிட்டயும் வாங்காம படிக்கிறவங்ககிட்டயும் வாங்காம நடத்துற இதழும் இருக்குக்கா. தாவர நோய் ஆராய்ச்சி பண்றவங்க சங்கமா சேர்ந்து நடத்துறாங்க. பதவி உயர்வுக்கு உங்க காலேஜ் கேக்குற இதழ்ப் பட்டியல்ல அதுவும் இருக்கு. ஆனா சம்பளத்துக்கு ஆள் கிடையாது. எல்லாம் ஓய்வு நேரத்துல பாக்குறதுதான். லேட்டாகும்" என்றாள்.

எவ்வளவு லேட்?

"ஜூலைக்குள்ள வரும்னு என்னால சொல்ல முடியாது."

தேர்வுக்குழு ஜூலையில். அச்சில் வந்த கட்டுரை இருந்தால்தான் என் பெயரை எடுப்பார்கள். எனக்கு நாற்பத்து நான்கு. சென்ற தடவையும் இதே காரணத்தால்தான் போனது.

பிப்ரவரி 11

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே மீன் முள்ளை எடுத்தார்.

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியுது. இந்தக் கட்டுரைய எல்லாரும் படிச்சா எங்கடையில மருந்து விக்காது. நீ அதப் பூட்டியே வைக்கிறதுதான் குடும்பத்துக்கு நல்லது."

முறைத்தேன்.

"சும்மா சொன்னேன். உனக்கு எது பண்ணா தூக்கம் வரும், அதச் சொல்லு."

பாண்டியம்மாள் அக்கா முகம்தான் வந்தது. பதவி உயர்வு வந்து, மாலை போட்டு, படம் எடுத்து, அதே ரோட்டில் பஸ்ஸில் போகும்போது அந்தப் பந்தலைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டுமா?

எழுதிவிட்டேன். மன்னிக்கவும், கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று வெளிநாட்டு இதழுக்கு. பொத்தானை அழுத்தினேன். "ஏத்துக்கிட்டவன வேணாம்னு சொல்ற ஆளை இப்பத்தான் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு இவர் எனக்கும் சேர்த்து ரசம் ஊற்றிக்கொண்டுவந்தார்.

பிப்ரவரி 12

என்ன காரியம் பண்ணித் தொலச்சேன்? அனுப்பிய மின்னஞ்சலைக் காலையிலிருந்து திறந்து திறந்து பார்க்கிறேன்.

மார்ச் 5

சங்கத்து இதழுக்கு அனுப்பியாயிற்று. வடிவமைப்பு விதிகளே வேறு. மேற்கோள்களை எல்லாம் மாற்றி எழுதிக் கழுத்து வலி.

கல்லூரி முதல்வர் வராந்தாவில் நிறுத்தினார். "வந்ததை விட்டுட்டீங்களாமே அம்மா?" வருத்தமாகத்தான் கேட்டார். அதுதான் கஷ்டமாக இருந்தது. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

ஜூன் 14

மதிப்பீட்டாளர்கள் இரண்டு பேரின் கருத்தும் வந்தது. ஒருவர் வறுத்தெடுத்துவிட்டார். ஆனால் ஒவ்வொரு கேள்வியும் நியாயம். ஒவ்வொரு வரியையும் படித்திருக்கிறார், நான்காம் படத்தில் அளவு தவறாக இருந்ததைக்கூட. காசு வாங்காத ஒருவர் என் எழுத்தோடு இத்தனை நேரம் உட்கார்ந்திருக்கிறார். திட்டு வாங்கிக்கொண்டே சந்தோஷப்பட்டேன்.

கடைசியில் ஒரு நிபந்தனை. கட்டுரை மட்டும் திறந்திருந்தால் போதாது, தரவும் திறந்திருக்க வேண்டும். எந்தத் தோட்டம், எந்த இடம், எந்தத் தேதியில் முதல் இலை — எல்லாம் பொதுவில்.

தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். இது எனக்கு எப்படித் தோணாமப் போச்சு? பெயரை எடுத்துவிட்டு எண் போடலாம்தான். ஓடைக்கு மேற்கே ஐந்தாவது பந்தல் என்று வரைபடத்தில் இருந்தால் இந்த ஊரில் யாருக்குத் தெரியாது? வியாபாரி கர்ணனுக்குத் தெரியாதா? திறக்கணும் திறக்கணும்னு ஆடினேனே, நான் திறக்கப் போறது யாரோட கதவ? மூன்று வருஷமாக என்னை நம்பிக் காட்டியதை எல்லாம் கடைத்தெருவில் போடப் போகிறேனா?

ஜூன் 16

பதிப்பாசிரியர் பதில் எழுதினார், கனிவாக. இடங்களை மங்கலாக்கலாம், தடையில்லை. ஆனால் நோய் எங்கிருந்து எங்கே போகிறது என்பதுதான் உங்கள் கண்டுபிடிப்பு. இடம் தெரியாவிட்டால் அதை யாரும் சரிபார்க்க முடியாது. தோட்டக்காரர்களையே கேளுங்கள், அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்.

கேட்கத்தான் வேண்டும்.

ஜூன் 22, ஞாயிறு

இன்று நடந்ததை விடாமல் எழுதி வைக்க வேண்டும்.

பாண்டியம்மாள் அக்காவின் மோட்டார் ரூம் நிழலில் பதினான்கு பேரும் வந்திருந்தார்கள். நான் வரைபடத்தை விரித்து, இதைப் பொதுவில் போடச் சொல்கிறார்கள், யாராவது ஒருவர் வேண்டாம் என்றாலும் போட மாட்டேன், கட்டுரையே வராவிட்டாலும் சரி என்றேன்.

மலைச்சாமி அண்ணன் முதலில் எழுந்தார். அவருடையதுதான் வடக்கோரத் தோட்டம். "மூணு மழையில ரெண்டு மழைக்கு எந் தோட்டந்தான் மொதல்ல நிக்கும். உலகம் பூரா பாக்குற மாதிரி போடுவீக. அப்புறம் கர்ணன் எங்க பக்கம் வண்டியத் திருப்புவானா? எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு டீச்சர்."

வரைபடத்தைச் சுருட்டத் தொடங்கினேன்.

பாண்டியம்மாள் அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "ஏலே மலைச்சாமி, உங் கொடியில செவட்டைன்னு எங்களுக்குத் தெரியாதாக்கும்? ரோட்டோரம் ரெண்டு வரிசை மட்டும் எண்ணெய் தேச்ச மாதிரி நிக்கும். அன்னைக்கே நான் மருந்து கலக்க ஆரம்பிச்சுருவேன்."

"நீ மட்டும் என்னக்கா? போன கார்த்திகையில விடியக்கருக்கல்ல இலை பொறுக்குனது யாரு? நான் பம்புசெட்டுக்குப் போறப்ப பாத்தேன்ல?"

"பாத்தியா? பாத்துட்டு ஏண்டா சொல்லல?"

"நீ சொன்னியாக்கா?"

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. ஒவ்வொருவராக ஒப்புக்கொள்ளத் தொடங்கினார்கள். ஒருவர் கிள்ளிய இலையைச் சாக்கில் கட்டி மார்க்கையன்கோட்டையில் மாமனார் வீட்டு எருக்குழி வரை கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார். அதைச் சொன்னபோது எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வேல்பாண்டிதான் — கணக்காகப் பேசுகிற ஆள், கொஞ்ச நாள் கம்பத்தில் கமிஷன் மண்டியில் இருந்தவர் — சிரிப்பு ஓய்ந்ததும் சொன்னார். "ஒருத்தர் பேரு வெளிய வந்தா அந்த ஒருத்தருக்கு வெலையக் கொறைப்பான். பதினாலு பேரும் வந்தா? இந்தப் பக்கத்துல கர்ணன் வாங்குற காயில முக்கால்வாசி நம்ம காயி. எல்லாரையும் விட்டுட்டு எங்கன போயி வாங்குவான், காஷ்மீர்லயா?"

"அதானே" என்றது ஒரு குரல். வேல்பாண்டி தொடர்ந்தார்:

"பொட்டிப்புரத்துல நியூட்ரினோ ஆய்வுக்கூடம்னு பேச்சு வந்தப்ப எங்க மாமா ஊர்ல ஆளுக்கு ஒரு கதை சொன்னாக. எது நிசம்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. இது நம்ம கொடி. நாமளே படிச்சுத் தெரிஞ்சுக்கிற மாதிரி இருக்கட்டும்."

மலைச்சாமி அண்ணன் வரைபடத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். தன் தோட்டத்தின் மேல் விரலை வைத்தார். "அப்ப நம்பரு வேணாம். நம்பரு போட்டா ஒளிக்கிறாப்புல இருக்கும். பேரையே போடுங்க. ஆனா ரெண்டு கண்டிசன்."

முதல் நிபந்தனை, இங்கிலீஷ் வருகிற அன்றே தமிழிலும் வர வேண்டும். இரண்டாவது, அவர் பெயருக்கு முன்னால் இனிஷியல் வேண்டும். "தெக்க ஒரு மலைச்சாமி இருக்கான். அவனுக்குப் போயிரக் கூடாது."

வீட்டுக்கு வரும்வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் இருந்தது. உட்காரத் தோன்றவில்லை.

ஜூலை 9

தேர்வுக்குழு முடிந்தது. 'வெளியீட்டுக்குக் காத்திருக்கிறது' என்பதை எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். சுரேஷ்கண்ணனுக்குக் கிடைத்தது. லட்டு கொண்டுவந்து கொடுத்தார். முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றார். எடுத்துத் தின்றேன்.

வீட்டுக்கு வந்து குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். போதும்.

ஜூலை 10

வருத்தம் இருக்கிறது. பிப்ரவரியில் செய்ததை மாற்றத் தோன்றுகிறதா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இல்லை. இரண்டும் ஒரே மனசில் இருக்க முடியும் போல.

ஆகஸ்ட் 21

ஏற்றுக்கொண்டார்கள்! வறுத்தெடுத்த மதிப்பீட்டாளர் ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறார். தோட்டக்காரர்கள் தங்கள் பெயரோடு தரவைத் தந்திருப்பதைத் தன் அனுபவத்தில் பார்த்ததில்லை என்று. பாண்டியம்மாள் அக்காவுக்குப் போனில் சொன்னேன். "யாரு அந்த ஆளு? ஊருக்கு வரச் சொல்லு, பழம் குடுத்து விடுவோம்" என்றார்.

செப்டம்பர் 7

தமிழில் எழுதுவது இங்கிலீஷில் எழுதியதைவிடக் கஷ்டம். அங்கே பெரிய சொல்லுக்குப் பின்னால் நின்றுகொள்ளலாம். இங்கே புரியாவிட்டால் வேல்பாண்டி உடனே போன் போடுகிறார். "டீச்சர், 'நோய்க்காரணி'ன்னா யாரு?" ஐந்தாவது தடவையாக அடித்து எழுதினேன்.

செப்டம்பர் 27

வெளிவந்துவிட்டது.

இங்கிலீஷும் தமிழும் ஒரே பக்கத்தில். வரைபடம், தேதிகள், பதினான்கு பெயர்கள். எந்தக் கணக்கிலும் நுழையாத கணினியிலிருந்து திறந்து பார்த்தேன், கடவுச்சொல் கேட்கவில்லை, காசு கேட்கவில்லை. இவர் கடையில் இருந்து, பஸ் ஸ்டாண்டில் இருந்து, கல்லூரியில் இருந்து, எங்கிருந்தும் திறக்கிறது.

தோட்டக்காரர்களின் வாட்ஸப் குழுவில் இணைப்பைப் போட்டேன். முதலில் வந்தது மலைச்சாமி அண்ணன் குரல் பதிவு: "சு. மலைச்சாமி. சரியாப் போட்டிருக்கீக. எம் பொண்ணு சத்தமா வாசிச்சுச்சு." பின்னணியில் அந்தப் பெண் இன்னும் வாசித்துக்கொண்டிருந்தாள்.

கையில பதவி உயர்வு இல்ல. ஆனா இன்னைக்கு என்னைப் போல ஒருத்தி உண்டா?

அக்டோபர் 12

நாசிக் பக்கத்திலிருந்து ஒரு திராட்சை விவசாயி எழுதியிருக்கிறார். மகன் படித்துச் சொன்னானாம். அவர்கள் ஊரிலும் இதேபோல் பதினைந்து பேர் சேரப் போகிறார்களாம். இலையின் படத்தையும் அனுப்பியிருந்தார். அதே வெள்ளை.

கர்ணன் கதை இன்னும் நன்றாக இருக்கிறது. போனில் வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு பாண்டியம்மாள் அக்காவிடம் விலையை இறக்கப் பார்த்தாராம். அக்கா ஒரு விலை சொன்னார். அடுத்த தோட்டத்திலும் அதே விலை. அதற்கடுத்ததிலும். "எல்லாரும் பேசி வச்சுக்கிட்டீகளா?" என்று கோபித்துக்கொண்டு போய், இரண்டு நாள் வராமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் கூடைகளோடு வந்து நின்றாராம். "குறைவா மருந்தடிச்ச காய்னு சொல்லிக் கேரளாச் சேட்டன்மார்கிட்ட விக்கப் போறேன்க்கா, அந்தக் கட்டுரையக் காட்டி" என்று சொன்னாராம்.

என் கட்டுரையை யார் யாரெல்லாம் பயன்படுத்துகிறார்கள்!

நவம்பர் 3

அடுத்த தேர்வுக்குழுவுக்கு விண்ணப்பம் கொடுத்தேன். முதல்வர் கட்டுரையைத் தமிழில் முழுவதும் படித்திருந்தார். அவர் அண்ணனுக்கும் தோட்டம் இருக்கிறதாம்.

நவம்பர் 16, ஞாயிறு

மூன்று நாளாக விடாத மழை. காலையில் காபிக்குப் பால் வைக்கும்போது குழுவில் ஒரு படம் வந்தது. திருப்பிப் பிடித்த இலை, அடியில் வெள்ளை. அனுப்பியவர் சின்னக்கருப்பு. ராயப்பன்பட்டிக்காரர். பதினான்கு பேரில் அவர் இல்லை. யார் சேர்த்துவிட்டார்களோ.

கீழே எழுதியிருந்தார்: "எந் தோட்டத்துல வந்துருச்சு. இன்னைக்குத்தான் பாத்தேன். தெக்க இருக்கவுக அடிச்சுக்கங்க."

மலைச்சாமி அண்ணன் ஒரு கும்பிடு போட்டார். மழை விட்டதும் ஒவ்வொருவராகப் பதில். அடிச்சாச்சு. அடிச்சாச்சு. சாயங்காலம் அடிக்கிறேன். அடிச்சாச்சு.

இவர் கடையிலிருந்து கூப்பிட்டார். கூட்டம் தாங்கவில்லையாம், சாப்பிட வர மாட்டாராம். "ஒரே நாள்ல எல்லாம் காலி. இனி மாசம் பூரா ஈ ஓட்டணும். உன்னயக் கட்டுனதுக்கு" என்றார். குரலில் பெருமை வழிந்தது.

இருட்டும் வரை செய்திகள் வந்துகொண்டே இருந்தன. வாசித்துக்கொண்டே வந்தேன். பாதிக்கு மேல் எனக்குத் தெரியாத பெயர்கள். நான் ஒரு நாளும் கால் வைக்காத தோட்டங்கள்.